இணைய ஏலச் சந்தையை விட்டு விற்பவர்கள் ஏன் விலகுகிறார்கள்?

விலை ஒட்டி விற்கும் கடைக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தால் விற்பனை பாதியாகும். பொருளின் விலை அப்படியே இருக்கும். ஏலத்தில் அப்படி நடப்பதில்லை. கேட்க வருகிறவர்கள் குறைந்தால் விற்கும் பொருட்களின் எண்ணிக்கையும் குறையும், விற்ற பொருளுக்குக் கிடைக்கும் விலையும் விழும். ஏனென்றால் அங்கே விலையைத் தீர்மானிப்பவர், ஏலத்தை வென்றவருக்குப் போட்டியாகக் கடைசிவரை நின்று தோற்றுப்போன இரண்டாவது ஆள். அவர் வராத நாளில் பொருள் ஆரம்ப விலைக்கே போய்விடும்.

இபே போன்ற ஏலச் சந்தைகள் ஏன் தேய்ந்தன என்று கேட்டால் வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் உண்டு. அமேசான் வந்தது, கட்டணம் ஏறியது, போலிப் பொருட்கள் பெருகின, நிர்வாகம் சிறு வியாபாரிகளைக் கைவிட்டது. எல்லாமே உண்மைதான். ஆனால் இந்தக் காரணங்கள் ஒவ்வொன்றும் அந்த இரண்டாவது ஆளை எப்படி விரட்டின என்று பார்த்தால்தான், ஒரு காலத்தில் யாராலும் அசைக்க முடியாது என்று நம்பப்பட்ட சந்தையிலிருந்து விற்பவர்களும் வாங்குபவர்களும் ஒருசேர நழுவியது எப்படி என்று விளங்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பழைய கேமரா ஒன்று ஏலத்துக்கு வருகிறது. அதற்கு அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்று ஒவ்வொருவரும் மனதில் ஒரு தொகை வைத்திருப்பார்கள். அது பூஜ்யத்திலிருந்து 1000 டாலர் வரை எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 9 பேர் கேட்டால் கேமரா சராசரியாக 800 டாலருக்குப் போகும். 5 பேர் என்றால் 667. மூன்று பேர் என்றால் 500. இரண்டே பேர் என்றால் 333. கூட்டம் பெரிதாக இருக்கும்போது ஒருவர் விலகினால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒன்பது பேர் எட்டானால் விற்பவருக்கு நஷ்டம் ஏறக்குறைய 22 டாலர்தான். மூன்று பேர் இரண்டானால் நஷ்டம் 167 டாலர்.

ஏலச் சந்தையின் சரிவு ஏன் வெகுகாலம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, பிறகு திடீரென்று வேகமெடுக்கிறது என்பதற்கு இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. கூட்டம் பெரிதாக இருக்கிறவரை நிர்வாகத்தின் தவறுகளைச் சந்தை விழுங்கிக்கொள்ளும். ஓர் அளவுக்குக் கீழே போனபின் ஒவ்வொரு ஆளின் விலகலும் விற்பவரின் பையிலேயே கைவைக்கும்.

அப்போது விற்பவர் என்ன செய்வார்? ஆரம்ப விலையை ஏற்றுவார். இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்று மறைவாக ஒரு குறைந்தபட்ச விலையை வைப்பார். அவர் நிலையில் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள். ஆனால் ஒரு டாலரில் தொடங்கும் ஏலத்துக்குத்தான் வேடிக்கை பார்க்க வந்தவரும் கை தூக்குவார். 600 டாலரில் தொடங்கும் ஏலம் அவர் கண்ணுக்கு விலை அதிகமான கடையாகத்தான் தெரியும். மலிவாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள் கலைவார்கள், கலைந்ததால் விலை இன்னும் விழும், விலை விழுந்ததால் ஆரம்ப விலை இன்னும் ஏறும். இதில் யாரும் தவறு செய்யவில்லை. ஆனாலும் சந்தை சுருங்கிக்கொண்டே போகும்.

கூட்டம் சேர்ந்த காலம்

1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் என்ற நிரலாளர் கலிபோர்னியாவில் தன் சொந்த இணையதளத்தின் ஒரு பகுதியாக 'ஆக்‌ஷன்வெப்' என்ற ஏலப் பக்கத்தைத் தொடங்கினார். அதில் முதலில் விற்ற பொருள், உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர். 14.83 டாலருக்குப் போனது. இது உடைந்தது என்று தெரியுமா என்று வாங்கியவரிடம் அவர் விசாரித்தபோது, உடைந்த லேசர் பாயிண்டர்களைச் சேகரிப்பதுதான் தன் வழக்கம் என்று அவர் பதில் சொன்னாராம். இந்தக் கதை பலமுறை சொல்லித் தேய்ந்துவிட்டது. ஆனாலும் ஏலம் எதற்குப் பொருத்தமானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியாது. உடைந்த லேசர் பாயிண்டருக்குச் சந்தை விலை என்று ஒன்று கிடையாது. அதை விரும்புகிறவர் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. விலை தெரியாத பொருளுக்கு விலை கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் ஏலத்தின் வேலை. இணையம் அந்த வேலைக்கு உலகம் முழுவதையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்தது.

1997ல் தளத்தின் பெயர் இபே ஆனது. 1998 மார்ச்சில் மெக் விட்மன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 18 டாலர் விலையில் பங்குகள் வெளியாகி, முதல் நாளிலேயே 47 டாலரைத் தாண்டி முடிந்தன. பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. யாஹூ 1998ல் ஏலத்தில் இறங்கியது, அமேசான் 1999 மார்ச்சில் இறங்கியது. யாஹூ தொடக்கத்தில் கட்டணமே வாங்கவில்லை. இலவசமாகக் கொடுத்தும் இபேயிடமிருந்து கூட்டத்தை அதனால் பிரிக்க முடியவில்லை. வாங்குகிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் விற்பவர் போவார், விற்பவர்கள் எங்கேயோ அங்கேதான் வாங்குபவர் வருவார். 2001 தொடக்கத்தில் யாஹூவும் கட்டணம் வாங்கத் தொடங்கியதும் அதில் விற்பனைக்குப் போடப்பட்ட பட்டியல்கள் பெருமளவு சரிந்தன. 2007ல் அமெரிக்காவில் அந்த ஏலத்தையே மூடிவிட்டார்கள்.

ஜப்பானில் இதே விதி இபேக்கு எதிராக வேலை செய்தது. யாஹூ ஜப்பான் 1999ல் முந்திக்கொண்டது, இபே 2000ல்தான் வந்தது. முதலில் வந்தவரிடம் கூட்டம் சேர்ந்துவிட்டது, பிறகு வந்தவர் கட்டணமும் கேட்டார். 2002ல் இபே அங்கிருந்து வெளியேறியது. ஆக, கூட்டம் என்ற பலம் எந்த நிறுவனத்தின் திறமைக்கும் கட்டுப்பட்டதில்லை. அதை இபேயின் நிர்வாகம் தன் சொந்தச் சாதனையாக எடுத்துக்கொண்டது என்றுதான் நான் நினைக்கிறேன். பின்னால் எடுத்த முடிவுகள் பலவற்றில் அந்த மிதப்பு தெரிகிறது.

கட்டணம் ஏறிய விதம்

வளர்ச்சி வேகமாக இருக்கும்வரை ஏலத் தளம் வருமானத்துக்கு யாரையும் கசக்க வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்களே போதும். பங்குச் சந்தைக்குப் போன நிறுவனம் ஒவ்வொரு காலாண்டிலும் முந்தையதைவிடக் கூடுதலாகக் காட்டியாக வேண்டும். புதியவர்கள் வருவது மந்தமானதும் இருப்பவர்களிடமிருந்துதான் அதை எடுக்க முடியும். விற்பவர்தான் தளத்துக்குக் காசு கொடுக்கிறவர், அதனால் கை அவர் பக்கம் நீளும்.

2005 தொடக்கத்தில் இபே தன் தளத்தில் 'கடை' வைத்திருப்பவர்களுக்கான மாதக் கட்டணத்தை 9.95 டாலரிலிருந்து 15.95 டாலராக உயர்த்தியது. எதிர்ப்புக் கிளம்பியதும் சிறு பொருட்களைப் பட்டியலிடும் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 சென்ட்டிலிருந்து 25 சென்ட்டாகக் குறைத்து சமாதானம் செய்தார்கள். 2008 ஜனவரியில் வந்த மாற்றம் இன்னும் பெரியது. பட்டியல் கட்டணம் குறைந்தது. ஆனால் விற்ற பிறகு எடுக்கும் கமிஷன், முதல் 25 டாலருக்கு 5.25 சதவீதத்திலிருந்து 8.75 சதவீதமாகத் தாவியது. விலை குறைந்த பொருட்களை விற்பவருக்கு இந்த மாற்றம்தான் முழுக் கணக்கே. அவர்கள் பிப்ரவரியில் ஒரு வாரம் புறக்கணிப்பு நடத்தினார்கள்.

வேறு ஒரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் கொடுக்க வேண்டிய பட்டியல் கட்டணம் ஒரு டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போடுகிற பத்துப் பொருளில் எட்டு விற்கிற காலத்தில், விற்ற ஒவ்வொன்றின் தலையிலும் விழும் பட்டியல் செலவு 1.25 டாலர். பத்தில் நான்குதான் விற்கிறது என்று ஆகிவிட்டால் அது 2.50 டாலர். தளம் கட்டணத்தை ஒரு பைசா கூட ஏற்றாமலே விற்பவரின் செலவு இரண்டு மடங்காகிவிட்டது. கூட்டம் குறைவதே ஒரு கட்டண உயர்வுதான். அதன் மேல் மெய்யான உயர்வும் வந்தால் தாங்காது.

இப்போது அமெரிக்காவில் பெரும்பாலான பொருட்களுக்கு, பணப் பரிமாற்றச் செலவும் சேர்ந்து, 13 சதவீதத்துக்கும் மேல் கமிஷன் போகிறது. அது போதாமல், தேடலில் பொருள் மேலே தெரிய வேண்டும் என்றால் விளம்பரத்துக்குத் தனியாக ஒரு பங்கு கொடுக்க வேண்டும். இந்த விளம்பரங்களால் 2023ல் இபேக்குக் கிடைத்த வருமானம் நூறு கோடி டாலருக்கும் மேல். பக்கத்து விற்பவர் விளம்பரத்துக்குக் கொடுத்தால் நாமும் கொடுத்தாக வேண்டும், எல்லோரும் கொடுத்தால் யாருமே மேலே தெரியமாட்டார்கள். நேர்மையாகச் சொன்னால் இது கட்டணத்துக்கு வைத்த வேறு பெயர்.

நம்பிக்கை யார் பக்கம்?

முகம் தெரியாத இருவர் பணமும் பொருளும் பரிமாறிக்கொள்ள வேண்டும். 1996ல் இபே கொண்டுவந்த பரஸ்பர மதிப்பீட்டு முறைதான் அதைச் சாத்தியமாக்கியது. வாங்கியவர் விற்றவரைப் பற்றியும் விற்றவர் வாங்கியவரைப் பற்றியும் எழுதலாம். அழகான யோசனை. ஆனால் அதிலேயே ஒரு ஓட்டை இருந்தது. பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் இருவரும் 1999ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது, வாங்கியவர்கள் விற்பவர்களுக்கு அளித்த மதிப்பீடுகளில் 99 சதவீதத்துக்கும் மேல் நல்லதாகவே இருந்தன. அவ்வளவு நல்ல சந்தையா அது? நான் குறை எழுதினால் அவரும் என்மேல் குறை எழுதுவார் என்ற பயம் பல வாய்களைக் கட்டியிருந்தது.

2008 மே மாதம் இபே இதை மாற்றியது. அதற்குப் பிறகு விற்பவர், வாங்குபவருக்கு மோசமான மதிப்பீடு தர முடியாது. பழிவாங்கும் பயம் போய்விட்டால் வாங்குபவர் உண்மையைச் சொல்வார் என்பதுதான் நோக்கம். அந்த நோக்கத்தில் நியாயம் இருந்தது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் ஏலத்தில் வென்றுவிட்டுப் பணம் கட்டாமல் மறைகிறவர், காரணம் சொல்லாமல் பொருளைத் திருப்புகிறவர், மோசமான மதிப்பீடு போடுவேன் என்று மிரட்டி விலையைக் குறைக்கச் சொல்கிறவர் ஆகியோரிடமிருந்து விற்பவருக்கு இருந்த முக்கியக் கேடயம் அது. அதை எடுத்தவர்கள் அதே வலுவுள்ள வேறொன்றைக் கொடுக்கவில்லை.

இதன் பாதிப்பு எல்லா விற்பவர்மேலும் ஒரே மாதிரி விழவில்லை. ஒரே மாதிரியான புதிய ஹெட்போனை ஆயிரம் எண்ணிக்கையில் விற்கும் நிறுவனத்துக்கு இருபது திரும்பி வந்தால் அது வழக்கமான செலவு. பாட்டி வைத்திருந்த கைக்கடிகாரம் ஒன்றை விற்கிறவருக்கு அந்த ஒன்று திரும்பி வந்தால் எல்லாமே போச்சு. அதிலும் பழைய பொருளில் 'சொன்னபடி இல்லை' என்ற புகாருக்கு எல்லை கிடையாது. விற்றவர் 'சிறு கீறல்' என்று எழுதியதை வாங்கியவர் பெரிய கீறலாகப் பார்க்கலாம். விதிகள் வாங்குபவர் பக்கம் சாயச் சாய, ஒற்றைப் பொருள் விற்பவர்கள்தான் முதலில் கிளம்பினார்கள். அதே 2008ல் 'பை.காம்' போன்ற பெரிய விற்பனை நிறுவனத்தைச் சலுகைக் கட்டணத்தில் கொண்டுவந்து லட்சக்கணக்கான பொருட்களைப் பட்டியலிட அனுமதித்தது, வருடக்கணக்கில் தளத்தை வளர்த்த சிறு விற்பவர்களைக் கொதிக்க வைத்தது. மெக் விட்மனுக்குப் பிறகு ஜான் டோனஹோ இபேயின் தலைமையேற்ற ஆண்டு அது.

எனக்கு இதில்தான் அதிக வருத்தம். என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஒருவர் ஏலப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணமே அந்த ஒற்றைப் பொருட்கள்தான். மற்ற எல்லா இடத்திலும் கிடைக்கும் ஹெட்போனுக்காக யாரும் தினமும் வந்து எட்டிப் பார்க்கமாட்டார்கள். எட்டிப் பார்க்கிறவர்கள்தான் கேமராவுக்கு மூன்றாவது ஆளாக, நான்காவது ஆளாகக் கை தூக்குகிறவர்கள்.

வாங்குபவரின் நேரம்

ஏலத்துக்குப் பெரும்பாலும் ஏழு நாள் ஆகும். வேண்டிய பொருள் கிடைக்குமா என்பது ஏழாம் நாள்தான் தெரியும். 1999ல் அது ஒரு விளையாட்டாக இருந்தது. 2000ல் இபே, ஏலம் முடியும்வரை காத்திராமல் விற்பவர் குறித்த நிர்ணய விலைக்கே பொருளை எடுத்துக்கொள்ளும் 'உடனே வாங்கு' என்ற வசதியைச் சேர்த்தது. 2005ல் அமேசான் பிரைம் வந்தது, 2006ல் விற்பவர்களின் சரக்கை அமேசானே வைத்து அனுப்பும் திட்டம் வந்தது. இரண்டு நாளில் வீட்டு வாசலில் பொருள் என்று பழகியவருக்கு ஏழு நாள் காத்திருப்பு விளையாட்டாகத் தெரியவில்லை.

அதோடு கடைசி நொடிப் பிரச்சினை. இபே ஏலம் குறித்த நேரத்தில் கறாராக முடியும். அமேசானில் இருந்த ஏலத்தில், கடைசி பத்து நிமிடத்துக்குள் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும். ஆல்வின் ராத், ஆக்செல் ஒக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டையும் ஒப்பிட்டார்கள். இபேயில் கடைசி நேரத்தில் வந்து கேட்பது மிக அதிகம், அதிலும் அனுபவம் உள்ளவர்கள்தான் அதிகமாகத் தாமதித்தார்கள். புதிதாக வந்தவர் ஒரு வாரம் முன்னணியில் இருந்துவிட்டுக் கடைசி மூன்று நொடியில் தோற்பார். இதற்கென்றே தானியங்கி நிரல்களும் வந்துவிட்டன. விதிப்படி அது தவறில்லை. ஆனால் இரண்டு மூன்று முறை அப்படித் தோற்ற புதியவர் நான்காவது முறை வரமாட்டார் என்றே தோன்றுகிறது. பிறகு அனுபவசாலிகள் மட்டும் மிஞ்சும் கூடத்தில் எல்லோருக்கும் விலை தெரியும், யாரும் கூடுதலாகக் கேட்கமாட்டார்கள். ஆள் வைத்துப் பொய்யாக விலையை ஏற்றிவிடுகிற விற்பவர்களும், பிரபல பிராண்டுகளின் போலிகளும் எஞ்சியிருந்த நம்பிக்கையைக் குறைத்தன.

லிரன் எய்னாவ் உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் இபேயின் தரவுகளையே வைத்து இந்த மாற்றத்தை அளந்தார்கள். 2003ல் தளத்தின் பட்டியல்களில் மிகப் பெரும்பான்மை ஏலம்தான். அடுத்த பத்து ஆண்டுக்குள் நிர்ணய விலை அதை முந்திவிட்டது. 2008 செப்டம்பரில் 30 நாள் நிர்ணய விலைப் பட்டியலுக்கு 35 சென்ட் என்று இபே கட்டணத்தைக் குறைத்ததும் அதற்கு உதவியது. ஆனால் ஆய்வாளர்கள் கண்ட முக்கியக் காரணம், வாங்குபவர்களின் விருப்பமே மாறியது. விற்பவரும் பொருளும் அதேதான் என்ற நிலையிலும், ஏலத்தில் விற்றால் கிடைக்கும் விலைக்கும் நிர்ணய விலைக்கும் உள்ள இடைவெளி காலப்போக்கில் அகன்றது. பழையதும் அபூர்வமானதுமான பொருட்களில் மட்டும் ஏலம் ஓரளவு தாக்குப் பிடித்தது.

சீனாவில் நடந்தது வேறு விதம், ஆனால் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். ஈச்நெட் என்ற உள்ளூர் ஏலத் தளத்தில் 2002ல் பங்கு வாங்கி, அடுத்த ஆண்டு முழுவதுமாகத் தனதாக்கிக்கொண்டது இபே. 2003 மே மாதம் அலிபாபா, டாவ்பாவ் தளத்தைத் தொடங்கியது. பட்டியல் கட்டணம் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் அதிலேயே பேசிக்கொள்ளலாம். பொருள் கைக்கு வந்த பிறகே விற்பவருக்குப் பணம் போகும் ஏற்பாடும் சேர்ந்தது. தளத்துக்கு வெளியே பேரம் முடித்துவிடுவார்கள் என்ற பயத்தில் இபே பேச்சை ஊக்குவிக்கவில்லை. 2006 டிசம்பரில் தன் சீனத் தளத்தை மூடி, அங்குள்ள ஒரு நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்தது.

இபே இன்றும் மறைந்துவிடவில்லை. கொரோனா காலத்தில் மறுபடியும் கூட்டம் ஏறியது, பிறகு இறங்கியது. கடந்த 12 மாதத்தில் ஒரு பொருளாவது வாங்கியவர்கள் 2021 இறுதியில் 14.7 கோடி, 2023 இறுதியில் 13.2 கோடி. அதே ஆண்டுகளில் மொத்த விற்பனை மதிப்பு ஏறக்குறைய 8700 கோடி டாலரிலிருந்து 7300 கோடி டாலராக இறங்கியது. ஊரடங்கு முடிந்த பின் இறங்கியது இபே மட்டுமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒற்றைப் பொருள் விற்பவர்கள் போன இடங்கள் தெளிவாகத் தெரிகின்றன. 2016ல் வந்த ஃபேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ், லித்துவேனியாவில் தொடங்கிய விண்டட், ஜப்பானில் 2013ல் வந்த மெர்காரி. இவை எதிலும் ஏலம் மையமாக இல்லை. மெர்காரி பத்து சதவீதம் கமிஷன் எடுத்தும் வளர்ந்தது கவனிக்க வேண்டியது. போனில் படம் எடுத்து, ஒரு விலை போட்டு, சில நிமிடத்தில் வேலை முடிந்தது. விற்காவிட்டால் செலவில்லை.

இபே இப்போது அந்த விற்பவர்களைத் திரும்ப அழைக்கிறது. ஜெர்மனியில் 2023 மார்ச்சிலிருந்தும், பிரிட்டனில் 2024 அக்டோபரிலிருந்தும், வாகனங்கள் போன்ற சில விதிவிலக்குகள் போக, தனிநபர் விற்பவர்களுக்குக் கட்டணத்தை நீக்கியது. பிரிட்டனில் அடுத்த சில மாதங்களிலேயே, 2025 பிப்ரவரியில், தனிநபரிடம் வாங்குகிறவர்மேல் 'பாதுகாப்புக் கட்டணம்' வந்தது. பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு போடலாமா வேண்டாமா என்று தயங்கும் விற்பவருக்கு இது நிச்சயம் உதவும், முன்பணம் எதுவும் போகாதே. ஏலத்தில் மட்டும் இந்த மாற்றம் பாதிதான் பலிக்கும். 1000க்கு மேல் போகக்கூடாது என்று மனதில் வைத்திருப்பவர் அந்தக் கட்டணத்தைக் கழித்துக்கொண்டுதான் கேட்பார். அவருக்குப் போட்டியாக நிற்கும் இரண்டாவது ஆளும் அப்படியே கழிப்பார். விற்பவருக்கு வந்து சேரும் தொகை அந்த இரண்டாவது ஆள் எவ்வளவு கழித்தார் என்பதைப் பொறுத்தது.